ஒன்பதாவது கல்லில் ஒரு பெயர்

அந்தச் சுவரில் 1,846 பெயர்கள். எல்லோரும் போரில் விமானத்தோடு போனவர்கள். உடல் கிடைக்காததால் கல்லறை இல்லாதவர்கள். என்றைக்காவது ஒருவருடைய எலும்பாவது கிடைத்து அடக்கம் செய்துவிட்டால், அவர் பெயரைச் சுவரிலிருந்து தேய்த்து எடுத்துவிடுவார்கள். அதுதான் அங்கே விதி.

மற்றவர்கள் பெயரைப் பார்க்க வருவார்கள். இஸ்திரி அக்கா, பெயர் போய்விட்டதா என்று பார்க்க வருவார்.

வயது ஐம்பத்தெட்டு. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் வேலை. அவருடைய கணவர் ரேடியோ ஆபரேட்டர். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது அவர் ஏறிய விமானம் கடலுக்கு மேல் போனது, திரும்பவில்லை. அக்காவுக்கு இப்போது நுரையீரல் போய்விட்டது. இந்த வருடத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அப்பா கிடைத்தால் அவர் பக்கத்தில் என்னைப் புதைத்துவிடு.

செவ்வாய்க்கிழமை வார விடுப்பு. அன்றைக்கு ஒரு பாட்டிலும் பழந்துணியுமாக வந்து, ஒன்பதாவது கல்லில் கணவர் பெயரை மட்டும் துடைப்பார். காவலாளிக்கு அவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்கார், எங்கயும் ஓடிப்போகலை என்பார். ஓடினா எனக்கு ஒரு போன் போடு, நீயும் தூங்கிடாதே என்பார் அக்கா.

போன செவ்வாயன்று காவலாளி லீவு. ஒன்பதாவது கல்லில் மேலும் கீழும் பெயர்கள் அப்படியே இருந்தன. நடுவில் ஒரு வரி மட்டும் வழவழவென்று வெறுமையாக இருந்தது. அக்கா விரலால் தடவிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து மகளுக்கு போன் செய்தார்.

"அப்பா கிடைச்சுட்டாருடி. பேரை எடுத்துட்டாங்க. எங்க வச்சிருக்காங்கன்னு கேட்டுச் சொல்லு."

மகள் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது, அக்கா முகம் கழுவித் தலைவாரிக்கொண்டிருந்தார். மூச்சு இரைக்க இரைக்கச் சிரித்தார். உங்கப்பா முன்னாடி இந்தக் கோலத்துல போய் நிக்கவா என்று கேட்டார். மகள் விசாரிக்கப் போனாள். சுவருக்குப் பின்னால் கல்கொத்தர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு இருவரிடமும் வந்தார்.

யாரும் கிடைக்கவில்லை என்றார் அவர். அந்த வரியில் எழுத்து அரித்துப் போய்ப் படிக்க முடியாமல் இருந்தது. மட்டமாகத் தேய்த்துவிட்டு மறுபடி வெட்டப் போகிறார்கள். ஆனால் ஒன்றுதான் அவருக்குப் புரியவில்லை.

"மத்ததெல்லாம் கல்லு மாதிரி நிக்குது. இந்த ஒரு பேரை மட்டும் யாரோ ஆசிடு வச்சுக் கழுவியிருக்காங்க. சுண்ணாம்புக்கல்லும்மா இது, தாங்குமா?"

அக்கா பாட்டிலைப் பைக்குள் தள்ளினார். அதில் இருப்பது விரிப்பில் துருக்கறை எடுக்கும் மருந்து. கறை படிந்த எதற்கும் அவர் கை போவது அதற்குத்தான். மகள் பாட்டிலைப் பார்த்துவிட்டாள்.

கல்கொத்தர் திரும்பியபோது அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வெட்டாதீங்க. நான் இருக்கிறவரைக்கும் அப்படியே விட்டுடுங்க. கிடைச்சுட்டாருன்னே இருந்துட்டுப் போறேன்."

தன்னால் முடியாது, மேலே கேட்பார்கள் என்று அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். அக்கா பிடியை விடவில்லை. மகள்தான் விரல் விரலாக விடுவித்தாள்.

"அம்மா, கல்லறையும் இல்ல. இந்தப் பேரும் இல்லேன்னா அப்பா எங்கயுமே இல்லம்மா."

அக்கா அந்த வெறும் வரியில் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். கூட்டிப்போக வெகுநேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை பெயரை வெட்டுகிறார்கள். வெட்டும்போது பக்கத்தில் இருக்க, அக்கா சலவைக்கூடத்தில் விடுப்பு சொல்லியிருக்கிறார்.