சோற்றை விட்ட வருஷம்

கல்யாணமாகிப் பதினோராவது மாதம் மஞ்சள் காமாலையில் என் மனைவி போய்விட்டாள். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தெட்டு வயது, ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை. காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். அழுகை வரவில்லை. வருமென்று காத்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது.

மூன்று வேளையும் கேன்டீனில் சாப்பிட்டேன். தட்டில் விழுந்ததையெல்லாம் தின்றேன். ஐந்தே மாதத்தில் பேன்ட்டுக்கு இடுப்பில் பொத்தான் போட முடியவில்லை. ரயில்வே மேம்பாலம் ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

தொழிற்சாலையில் எங்கள் ஷாப்பில் வெல்டிங் பார்த்த பாய் ஒருவர் இருந்தார். பூந்தமல்லிக்காரர், என் வயதுதான். பக்கத்திலிருந்த கோவில்பதாகையில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேரோடு சேர்ந்து பளு தூக்கிக்கொண்டிருந்தார். பழைய பற்சக்கரங்களைக் கம்பியில் கோத்ததுதான் பளு. ஒருநாள் என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

"சோத்த வுட்ரு மச்சான். இட்லி, சர்க்கர, கெழங்கு எதுவும் வாணாம். முட்ட, கறி, கீர, வேர்க்கல்ல, மோரு, அவ்ளோதான். ஆனா வெயிட்டு தூக்கியே ஆவணும். இல்லன்னா கொழுப்போட சேந்து சதையும் பூடும்" என்றார்.

சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

காலையில் நான்கு முட்டை. மத்தியானம் கீரையும் கறியும், சாயங்காலம் கொட்டகைக்குப் போகுமுன் ஊறவைத்த வேர்க்கடலை ஒரு பிடி. முதல் பத்து நாள் தலை வலித்தது, கால் துவண்டது. கேன்டீனில் எதிரில் உட்கார்ந்தவன் குழம்பு ஊற்றிப் பிசைவதைப் பார்த்துக்கொண்டே முட்டையை உரிப்பேன். நாலாவது வாரம் பாய் என்னை நிறுத்திக் கேட்டார். சோறு இல்லாமல் எல்லாரும் இரண்டாம் நாளே புலம்புவார்களாம், எனக்கு ஆசையே வரவில்லையா என்று. இல்லை என்றேன். அவர் கம்பியில் இன்னொரு சக்கரத்தை மாட்டினார்.

ஆறு மாதத்தில் தொப்பை போனது. தோளும் மார்பும் விரிந்தன. கல்யாணச் சட்டை வயிற்றில் தொளதொளத்தது, அக்குளில் கிழிந்தது. ஷாப்பில் ஆளாளுக்கு என் புஜத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். யாரோ இன்னொருவன் கையைத் தொடுவது போலிருந்தது.

வருஷத் திதிக்குப் பாரிவாக்கத்தில் மாமியார் வீட்டுக்குப் போனேன். அவள் போனபிறகு அங்கே போவது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "யாருங்க வேணும்?" என்று கேட்டார் மாமியார். நான்தான் என்றேன். அவர் கிட்டே வந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார்.

படையல் முடிந்து இலை போட்டார்கள். சோறு வேண்டாம், கூட்டு மட்டும் போதும் என்றேன். மாமியார் நீட்டிய கரண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

"எம் பொண்ணு வந்து பாத்தாக்கூட உங்கள அடையாளம் தெரியாது மாப்ள."

குறையாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார். குனிந்து என் கைகளைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்த உடம்பில் ஒரு துண்டுகூட என்னிடம் மிச்சமில்லை. சோறு போடுங்க என்றேன். சாம்பார் ஊற்றினார். மூன்று கவளம் உள்ளே போனது. நாலாவதைப் பிசைந்தேன். இலைமேல் கண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மாமனார் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். மாமியார் என் முதுகில் கையை வைத்தபடி, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

மறுநாள் பாயிடம் சோறு சாப்பிட்டதைச் சொன்னேன். ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது என்றார். கொட்டகைக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் பாரிவாக்கத்துக்குப் போய்விடுவேன். இரண்டு வருஷம் கழித்து எனக்கு மறுபடி பெண் பார்த்ததும் மாமனார் மாமியார்தான்.