டிக்கியில் இருந்த கயிறு

என் வீட்டுக்காரருக்கு அமெரிக்கக் கார் மேல் பள்ளி நாளிலிருந்தே ஆசை. இன்று பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் தன்னுடையதை விற்கக் கொண்டுவந்தார். உறுமல் செஞ்சிக் கோட்டை உச்சி வரை கேட்டிருக்கும்.

பாப்பாவுக்கு அடிக்கடி வீசிங் வரும். எனக்கு அந்தக் கவலைதான்.

"அண்ணா, அவசரத்துக்கு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா ஸ்டார்ட் ஆவுமா?"

"ஒரே செல்ஃபுல எடுத்துக்கும்மா. இன்னா டென்ஷன் உனக்கு?"

பாப்பாவின் தள்ளுவண்டி உள்ளே போகுமா என்று டிக்கியைத் திறந்தேன். பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும் கயிறு. பலமுறை இழுத்து நைந்திருந்தது.

இவரைப் பார்த்தேன்.

"கயிறு நாம புதுசா வாங்கிக்கலாம்டி," என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் காரை வாங்கவில்லை. பாப்பாவை மடியில் வைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இவர் எடுத்துக்கொண்ட படம்தான் மிச்சம், கீழே இருக்கிறது. தயவுசெய்து யாரும் ஹார்ட் போட்டு இவரை உசுப்பேற்றாதீர்கள்.