பின்னேரப் பள்ளிக்கூடம் போட்டிக்குப் போன கதை

ஆக்கத்திறன் போட்டிக் குழுவில் இருப்பதும் ஒரு உத்தியோகந்தான்: சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் அன்றாடம் தவறாமல் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் யாராவது ஆசிரியர் விரலை நீட்டி, "நீ, நீ, அங்கால நிக்கிற நீ" என்று பிடித்துப்போட்ட குழுவில் நீங்களும் ஒருமுறை மாட்டியிருந்தால் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாடகமோ பாண்ட் வாத்தியமோ, பட்ட பாடு ஒன்றுதான்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் முன்பாதி. எங்கள் பள்ளிக்கூடம் முல்லைத்தீவுக் கரையில் இருந்தது. ஆமிக் காம்ப் பெருத்து அந்தக் கட்டடத்தையும் விழுங்கிக்கொண்ட பிறகு, றோட்டுக்கரையில் இருந்த பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் ஒண்டிக்கொண்டோம். காலையில் அவர்களுடைய பிள்ளைகள் படிப்பார்கள், மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள். ஊரார் அவர்களைக் காலமைப் பள்ளிக்கூடம் என்றும் எங்களைப் பின்னேரப் பள்ளிக்கூடம் என்றும் சொல்லிப் பழகிவிட்டார்கள். எங்களுடைய சொந்தப் பெயர் ஒரு புனிதரில் தொடங்கி, மூன்று தரம் மூச்சு எடுத்தால்தான் முடியும். அதை முழுதாகச் சொல்ல ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

வாய்க்குக் கிடைத்த வேலை

விஞ்ஞானம் படிப்பித்த சேருக்கு வகுப்பறை ஒரு புளியமரம். மரத்தில் கரும்பலகையைச் சாய்த்துவிட்டு, கல்விக் கந்தோரிலிருந்து வந்த அறிவித்தலை வாசித்தார். ஐந்து பிள்ளைகள் ஒரு குழு. வேண்டாமென்று எறிகிற சாமான்களால் ஒரு தெப்பம் செய்ய வேண்டும். பெரியவர்கள் கைவைக்கக் கூடாது. எவ்வளவு பாரம் தாங்குகிறதோ அவ்வளவு புள்ளி. போட்டி நாளில் திடீர்க் கேள்வி ஒன்றும் கேட்பார்கள்.

அவர் வாசித்து முடிக்கவில்லை. "எண்ணெய்க் கான்" என்றான் அன்ரன். "பழைய செருப்பு" என்றேன் நான். இரண்டும் சரிவராது என்றார்கள் இரட்டையரான யூட்டும் யூஜினும். "பாரத்தை மேல வைக்கணுமா, உள்ள வைக்கணுமா சேர்?" என்று பின்னாலிருந்து லெட்சுமி கேட்டாள். அவள் அந்த வருடம்தான் எங்களோடு வந்து சேர்ந்தவள். அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, வன்னியில் காடு வெட்டித் தோட்டம் செய்தவர்கள். நாங்கள் மற்ற நால்வரும் மீன்பிடிக்காரரின் பிள்ளைகள். சேர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"உங்கள் அஞ்சு பேற்ற வாயையும் என்னால மூடேலாது. போய் அதால ஏதும் பிரயோசனம் எண்டாலும் செய்யுங்கோ."

கந்தோர் வாசல்

தெப்பத்துக்கு முதல் வந்த சிக்கல் பெயர். போட்டிக்குப் பொறுப்பான கந்தோர் ஐயா, எங்களைக் காலமைப் பள்ளிக்கூடத்தின் பெயரில் போகச் சொல்லிவிட்டார். அவர்கள் குழு அனுப்பவில்லை. ஆனால் பெயரைத் தரத் தயார். எங்கள் அதிபர் நல்ல மனுசன். "வீண் சண்டை ஏன்?" என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

எங்களுக்கு அது தாங்க முடியவில்லை. மேசை போனது, மணி போனது, கூரையே போனது. மிஞ்சியிருந்தது பெயர் ஒன்றுதான். இந்த முறை விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை விளையாட்டுப்போட்டி, அதற்கு அடுத்த முறை பரீட்சை, பிறகு அப்படியொரு பள்ளிக்கூடம் இருந்ததையே மறந்துவிடுவார்கள். ஐந்து பேரும் சைக்கிள்களில் கந்தோருக்குப் போய், அவருடைய கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டோம்.

"கட்டடமே இல்லாத பள்ளிக்கூடத்துக்குப் பேர் என்னத்துக்குப் பிள்ளையள்?" என்று அவர் கேட்டார்.

"வீடு போனவங்க எல்லாம் பேரையும் அங்கயே விட்டுட்டா வந்தாங்க, சேர்?" என்று லெட்சுமி கேட்டாள்.

அவர் பேனையை எடுத்தார், வைத்தார், பிறகும் எடுத்தார். அவரும் யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டுவிட்டு வந்தவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

"சரி, எழுதித் துலையுங்கோ. ஆனா வெறுங்கையோட திரும்பி வந்தியளெண்டா, அடுத்த வருசம் துடக்கம் எல்லாத்துக்கும் அவையின்ர பேரிலைதான். சம்மதமோ?"

கையைப் பின்னால் கட்டிய கூட்டம்

முள்ளிவாய்க்காலில் அன்ரன் வீட்டாரின் மீன்வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் தெப்பம் உருவானது. எண்ணெய்க் கான்கள், அறுந்த வலையின் மிதப்புகள், ஒற்றைச் செருப்புகள், கட்டுவதற்குச் சைக்கிள் ரியூப். கரையில் இருந்த ஆண்கள் எல்லோரும் கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். கைவைக்கக் கூடாது என்று நாங்கள் சொன்னதும், நல்ல மனுசர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். வாயைக் கட்டுவார்களா? "அணியத்தை உயர்த்தடா!" "இழுத்துக் கட்டு பிள்ளை, சோறு தின்னேல்லையே?" "உந்தக் கானை எடுத்து எறி!" ஒருவர் சொன்னதை மற்றவர் பிழை என்றார். கடைசியில் அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டு இரண்டு பேர் கதை பேச்சு இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள்.

கடலோரக் களப்பில் இறக்கிப் பார்க்கலாம் என்றால் அன்ரனின் அப்பா மறித்தார். எங்கள் கரையில் பங்குச் சுவாமி வந்து மந்திரிக்காமல் புது வள்ளம் தண்ணீர் தொடாது. இது வள்ளமில்லை என்று வாதாடினோம். மிதக்கிறது எல்லாம் வள்ளந்தான் என்றார் அவர். சுவாமி சைக்கிளில் வந்து, பக்கத்தில் நாங்கள் தாரால் எழுதியிருந்த பள்ளிக்கூடப் பெயரை முழுதாக வாசித்து, செபம் சொன்னார். தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியவர், கொஞ்சம் யோசித்து, விரல் நுனியால் மட்டும் தெளித்தார்.

"கனக்கத் தெளிச்சனெண்டால் இந்தப் பாரத்திலயே தண்ணிக்குள்ள தாண்டுபோம் போல கிடக்கு."

பரந்தன் றோட்டில்

போட்டி கிளிநொச்சியில். மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய உழவு மிசின் பெட்டியில் தெப்பத்தை நடுவில் வைத்து, சுற்றிவர நாங்கள். பரந்தனுக்குக் கிட்டவாக, மேலேயிருந்து சுடுகிற ஆமி ஹெலியின் சத்தம் கேட்டது. எல்லோரும் குதித்து வாய்க்காலுக்குள் படுத்தோம். அன்ரன் மட்டும் திரும்பி ஓடி, தெப்பத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு கான் கழன்று றோட்டில் உருண்டது. அதற்குப் பின்னாலும் ஓடினான்.

ஹெலி போய்விட்டது. சேர் வாய்க்காலிலிருந்து ஏறி அன்ரனிடம் வந்தார். பயத்தில் அவருடைய முகம் வெளிறியிருந்தது, கோபமாக வந்ததும் அந்தப் பயந்தான்.

"மேலயிருந்து பாத்தவன், எண்ணெய்க் கானைக் கலைச்சுக்கொண்டு ஓடுற ஒரு விசரனைக் கண்டு இரங்கித்தான் விட்டிட்டுப் போயிருக்கிறான்."

ஜாம் போத்தல்

திடீர்க் கேள்விக்கு மேசையில் ஒரு வெறும் ஜாம் போத்தலை வைத்தார்கள். இதை எதற்கெல்லாம் பாவிக்கலாம்? சாதாரண விடைக்கு ஒரு புள்ளி, புதுமையான விடைக்கு மூன்று. நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், வெள்ளைச் சேலை, கூர்மையான பார்வை.

"அடியில பஞ்சு வைச்சு, துளி எண்ணெய் விட்டு விளக்குக் கொளுத்தலாம்" என்றேன். "அது என்ர குசினியிலயும் எரியுது. ஒரு புள்ளி" என்றார். பெற்றோல் அளந்து விற்கலாம் என்றான் யூட். றோட்டுக்கு றோட்டு அதுதானே என்று ஒரு புள்ளி. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனங்களி கரைத்து வைக்கலாம் என்றான் அன்ரன். ஒரு புள்ளி. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வேறு ஊரில் இந்த விடைகளைச் சொன்னால் தலையில் தூக்கிவைத்து ஆடியிருப்பார்கள். இங்கே அரசாங்கம் சாமான்களுக்குத் தடை போட்டுப் போட்டு ஊர் முழுக்கப் புதுமைக்காரராகிவிட்டது. பிறகு புதுமைக்கு எங்கே போவது?

லெட்சுமி போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "ஜாம் வைக்கலாம், ரீச்சர்" என்றாள்.

மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பா, வேறு ஏதுமா என்று தெரியவில்லை.

"காலமை துடக்கம் கேக்கிறன், ஒரு பிள்ளையும் சொல்லேல்லை. இது புதுசு. மூண்டு புள்ளி."

குளத்துத் தண்ணீர்

அடுத்தது தெப்பம். மண் நிரப்பிய பால்மா ரின்களை ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். எத்தனை ரின் தாங்கும் என்று முதலே சொல்லிவிட வேண்டும். சொன்னது தாங்கினால் அத்தனை புள்ளி, தாழ்ந்தால் ஒன்றுமில்லை. களப்பில் விளிம்பு தண்ணீரை நக்குமட்டும் ஏற்றிப் பார்த்திருந்தோம். அதே கணக்கை அன்ரன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். மற்றக் குழுக்கள் வாயைப் பிளந்தன.

பாதி பீப்பாய் ஒன்றில் குளத்துத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். கடைசி ரின்னுக்கு முந்தின ரின்னை வைத்ததும் நான் குனிந்து பார்த்தேன். தெப்பம் பதியக் கூடாத அளவுக்குப் பதிந்திருந்தது. கடைசி ரின்னை வைத்தார்கள். எங்கள் பள்ளிக்கூடப் பெயர் ஒவ்வொரு எழுத்தாகத் தண்ணீருக்குள் போனது.

உப்புத் தண்ணீர் கூடுதலாகத் தூக்கும், நல்ல தண்ணீர் குறையத் தூக்கும். விஞ்ஞானப் புத்தகத்தில் படித்து, சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தோம். ஆனால் தண்ணீர் என்றால் உப்புத்தான் என்று பிறந்ததிலிருந்து பழகியவர்களுக்கு அது ஞாபகத்தில் வருமா? கந்தோர் ஐயா முன்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அன்ரன் மட்டும் நடுவரை விடவில்லை. கொஞ்ச உப்புத் தாருங்கள், கரைத்துவிட்டு மிதத்திக் காட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"தம்பி, இந்தப் பீப்பாய்க்குப் போடுற உப்பு இருந்தா நான் கறிக்குப் போடமாட்டனே?"

மூன்று மூச்சு

பின்னேரம் பரிசு. தெப்பத்துக்கு எங்களுக்கு ஒன்றுமில்லை. திடீர்க் கேள்விக்கு முதலிடம் என்று அறிவிப்பாளர் தாளைப் பார்த்தார். எங்கள் பெயருக்குக் கீழே 'இயங்கும் இடம்' என்ற கோட்டில் எழுதியிருந்ததை வாசித்துத் தொலைத்தார். காலமைப் பள்ளிக்கூடத்தின் பெயர் மண்டபமெல்லாம் முழங்கியது.

கைதட்டல். நாங்கள் அசையவில்லை. அவர் இரண்டாம் தரமும் அதையே வாசித்தார். "எழும்புங்கோடா, பரிசு போகப்போகுது" என்று சேர் பின்னாலிருந்து முதுகில் குத்தினார். எழும்பினால் பரிசு வரும், பெயர் போகும். எழும்பாவிட்டால் வெறுங்கை, அப்போதும் பெயர் போகும். நான் கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். யூட் யூஜினின் காலை மிதித்து வைத்திருந்தான், அவன் தவறி எழும்பிவிடக் கூடாதென்று.

மண்டபத்தில் முணுமுணுப்பு. கந்தோர் ஐயா எழும்பி மேடைக்குப் போனார். அறிவிப்பாளரின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கி, எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைப் புனிதரிலிருந்து தொடங்கி, மூன்று தரம் மூச்சு எடுத்து, ஒரு எழுத்து விடாமல் சொன்னார். ஐந்து பேரும் எழும்பினோம்.

பரிசைக் கொடுக்கும்போது ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "தெப்பம் தாண்ட பிறகும் உங்களுக்கு இவ்வளவு திமிரோ?" என்று கேட்டார்.

லெட்சுமி இரண்டு கையாலும் பரிசை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "முங்கினது தெப்பம் மட்டுந்தான், சேர்."

ஆக்கத்திறன் என்றால் என்னவென்று இன்று யாராவது என்னைக் கேட்டால், அடுத்தவர் பெயரில் கூப்பிட்டால் கதிரையை விட்டு எழும்பாமல் இருப்பது என்றுதான் சொல்வேன், அதற்கு ஒரு புள்ளியா மூன்று புள்ளியா என்பதை நடுவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.