கடைசி நாலு எழுத்து

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அதை ரொம்ப நாள் ஒரு தகுதி என்றே நினைத்திருந்தேன். சத்தம் போடுகிறவளுக்கு வேலை தெரியும் என்று ஓர் எண்ணம். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து டிப்ளமோ முடித்து வந்து, மூன்றே வருடத்தில் ஒரு தயாரிப்பு லைனுக்குப் பொறுப்பாளர் ஆகிவிட்டவளுக்கு அந்த எண்ணம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

மாரண்டஹள்ளியைத் தாண்டி, ஓசூர் போகிற சாலையில் எங்கள் கம்பெனி. போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைக்கிற எலக்ட்ரானிக் போர்டு செய்கிறோம். அது இருந்தால் போனிலிருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை அதுவே நிறுத்திவிடும். எங்கள் பக்கத்து ஆட்கள் அதை வாங்குவதே இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான். வெறும் குழாயில் ஓடி மோட்டார் கருகினால் என்ன ஆகும் என்று எங்கள் அப்பாவைப் பார்த்து எனக்கும் தெரியும்.

ஒவ்வொரு போர்டிலும் புளியங்கொட்டையைவிடச் சின்னதாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சில்லு இருக்கும். வரும்போது அதற்கு ஒன்றும் தெரியாது. அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் நாங்கள் புரோகிராமை எழுதிய பிறகுதான் அது வேலைக்கு ஆகும். பத்து போர்டுகள் சேர்ந்த ஒரு பலகையை ஸ்பிரிங் ஊசிகள் நிற்கிற பெட்டிமேல் வைத்து, கைப்பிடியை அழுத்த வேண்டும். கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபைல் பத்துச் சில்லுகளிலும் ஒரே நேரத்தில் இறங்கும். பிறகு இயந்திரம் அதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நீ கொடுத்தது உள்ளே போய்விட்டது என்றுதான் பச்சை சொல்லும். நீ கொடுத்ததே சரியான ஃபைல்தானா என்று அதற்குத் தெரியாது.

அதைப் பார்க்க வேண்டியது மனுஷர்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் என்று ஓர் எண் உண்டு. ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். சரியான எண்ணை ஒரு தாளில் அச்சடித்து டேபிளுக்கு மேலே ஒட்டியிருப்பேன். திரையில் வருகிற எண்ணின் கடைசி நாலு எழுத்தை மணிக்கு ஒரு தரம் தாளோடு பொருத்திப் பார்த்து, ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் எப்படிப் போடுவேன் என்றால், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நாலைந்து வரிக்கு ஒரே மூச்சில் போட்டுவிடுவேன்.

அந்த டேபிளில் இருந்தவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். தமிழில் எட்டாவது வரை படித்திருந்தார். டீ நேரத்தில் போண்டா மடித்து வந்த பேப்பரைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டு வாசிப்பார். பாதியில் கிழிந்துபோன செய்திக்கு முடிவை அவரே சொல்வார், எல்லோரும் சிரிப்போம்.

ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனால் செக்சத்தில் வருவது சைபர் முதல் ஒன்பது வரை எண்களும், A முதல் F வரை ஆறே எழுத்துகளும்தான். மகளின் நாலு கோடு நோட்டில் ஒரு வாரம் எழுதிப் பழகி அந்த ஆறையும் கற்றுக்கொண்டு வந்தார். B-யும் எட்டும் குழம்பக் கூடாது என்று B-க்கு அடியில் மட்டும் ஒரு சின்னக் கோடு இழுப்பார். "எனக்கு இங்கிலீசுல ஆறு எழுத்து போதுங்க மேடம், மிச்சத்த நீங்களே வச்சுக்கோங்க" என்பார். அதில் அவருக்கு இருந்த பெருமை எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அன்று காலையில் பழைய மாடல் போர்டுகள் சில ரிப்பேருக்கு வந்திருந்தன. அவற்றுக்குப் பழைய ஃபைல்தான் பொருந்தும். அதில் தண்ணீர் வற்றினால் நிறுத்துகிற வேலை கிடையாது. நானே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்தப் போர்டுகளை முடித்தேன். அதற்குள் போன் வந்தது. நாலு மணிக்கு லாரி, சரக்கு தயாரா என்று கேட்டார்கள். பேசிக்கொண்டே எழுந்து போய்விட்டேன். புது ஃபைலை மாற்றவில்லை.

பத்து நிமிஷத்தில் அக்கா கூப்பிட்டார்.

"மேடம், ஒரு நிமிசம் வர்றீங்களா. தாள்ல இருக்கறதும் கம்ப்யூட்டர்ல வர்றதும் ஒன்னா இல்லீங்க."

அப்போதும் நான் போனில்தான் இருந்தேன். "பச்சை எரியுதா இல்லையாக்கா?"

"எரியுதுங்க. ஆனா கடைசி நாலு எழுத்து..."

"எரியுதுல்ல, போடுங்க. நம்பரெல்லாம் நான் பாத்துக்கறேன். ஆறு எழுத்து தெரிஞ்சா இன்ஜினியர் ஆயிட முடியாதுக்கா."

லைனில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்காவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. கைப்பிடியை அழுத்தினார். நம்பரை நான் பார்க்கவில்லை. அன்றும் பார்க்கவில்லை, மறுநாளும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வேலை தொடங்குமுன் கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தது. திரும்பப் போட்டபோது வழக்கம்போல் புது ஃபைலை ஏற்றினேன். தப்பு நடந்ததும் நின்றதும் எனக்குத் தெரியாமலே போயிற்று. இரண்டு நாள் போர்டுகளும் ஈரம் புகாதபடி பிசின் ஊற்றி மூடப்பட்டு லாரியில் போய்விட்டன.

மாதம் ஒன்று கழித்து ஏரியூர் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். ஸ்டார்ட்டர் பெட்டியை உரச்சாக்கில் சுற்றி, மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார்.

"தண்ணி இல்லன்னா தானா நிக்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்கம்மா. நிக்கல. எண்ணூறு அடியில மோட்டார் வெந்து கெடக்குது. தக்காளி பூத்து நிக்குது, நான் என்ன பண்றது?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, போர்டில் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தேன். உள்ளே போய் ரிஜிஸ்டரில் அந்தத் தேதியைப் புரட்டினேன்.

இரண்டு நாளும், மணிக்கு ஒரு தரம், அக்காவின் கையெழுத்தில் பழைய ஃபைலின் எண் இருந்தது. திரையில் வந்ததை ஓர் எழுத்து பிசகாமல் எழுதியிருந்தார். B-க்கு அடியில் கோடுகூட இருந்தது. எல்லா வரியிலும் என் கையெழுத்து. முதல் வரியின் ஓரத்தில், குறிப்பு எழுதும் கட்டம் என்னுடையது என்பதால் அதைத் தொடாமல், பென்சிலில் சின்னதாகத் தமிழில் எழுதியிருந்தார்: "நம்பர் வேறே. மேடத்திடம் சொன்னேன். போடச் சொன்னார்."

என் டிராயரில் ரப்பர் இருந்தது.

அழிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. துகளை ஊதிவிட்டு, பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். அப்போது என் மனதில் அக்காவும் இல்லை, வாசலில் உட்கார்ந்திருந்தவரும் இல்லை. வேலை போய்விடும், ஊரில் என்ன சொல்வார்கள் என்பது மட்டும்தான் இருந்தது.

அந்த வாரத்துக்குள் இன்னும் சில பெட்டிகள் திரும்பி வந்தன. மேனேஜர் லைனை நிறுத்தி எல்லோரையும் நிற்கவைத்தார். ரிஜிஸ்டரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தாளையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் எழுதினது இது?"

"நானுங்க சார்" என்றார் அக்கா.

"நம்பர் வேற வருதுன்னு தெரியல? யார்கிட்டயும் சொல்லல?"

அக்கா பக்கத்தைப் பார்த்தார். முதல் வரியின் ஓரத்தைத்தான் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். கண் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் பேசுவேன் என்று எதிர்பார்த்துப் பார்த்தார்.

பேசினேன்.

"பாவம் சார், அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. பாத்து அப்படியே வரைவாங்க, அவ்வளவுதான். அவங்களத் திட்டாதீங்க சார். நான்தான் கூடவே நின்னு பாத்திருக்கணும்."

குரலை எப்படித் தணித்துச் சொன்னேன் என்பது இன்றும் காதில் இருக்கிறது. கோபக்காரி என்று பேர் எடுத்தவள் அன்றைக்குத்தான் அவ்வளவு சாந்தமாகப் பேசினேன். மேனேஜருக்கு முகம் இளகிவிட்டது. "தப்பைக் கீழ இருக்கறவங்க தலையில தள்ளாம நீ ஏத்துக்கிட்ட பாரு, அது பெரிய குணம்மா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. கையெழுத்துப் போட்டது யார் என்று அவர் கேட்கவே இல்லை. அக்கா வாயைத் திறக்கவில்லை. போண்டா பேப்பரைத் தினமும் அவர் வாசித்துக் கேட்டிருந்த பன்னிரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

கருகின மோட்டார்களுக்குக் கம்பெனி மாற்று மோட்டார் கொடுத்தது. ஏரியூர்க்காரரின் தக்காளிக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று என்னையே எழுதித் தரச் சொன்னார்கள். பார்கோடைக் காட்டினால் சரியான ஃபைல் மட்டும் ஏறுகிற ஏற்பாட்டை எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். புரோகிராமிங் டேபிளில் பன்னிரண்டாவதோ ஐ.டி.ஐ.யோ முடித்தவர்கள்தான் உட்கார வேண்டும் என்று இன்னொரு வரியும் சேர்த்தேன். அக்காவை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் எனக்கு இரண்டு லைன் ஆனது.

பேக்கிங்கிலும் அக்கா நேரத்துக்கு வந்தார். என்னைப் பார்த்தால் "வணக்கங்க மேடம்" என்பார். டீ நேரத்தில் அவர் பேப்பர் வாசிப்பது நின்றுபோனதை நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி என் டீயை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போய்விடுவேன்.

போன மாதம் பேக்கிங்கில் ஒரு குளறுபடி நடந்தது. சிங்கிள் ஃபேஸ் போர்டு வைத்த அட்டைப்பெட்டிகள்மேல் மூன்று ஃபேஸ் லேபிளை ஒட்டி அடுக்கிவைத்திருந்தார்கள். லாரியில் ஏறுமுன் நான் பார்த்துவிட்டேன். வழக்கம்போல் எனக்குக் கோபம் ஏறியது. லேபிளில் மாடல் எண்ணுக்குக் கீழே எத்தனை ஃபேஸ் என்று தமிழிலும் பெரிதாக அச்சடித்திருக்கிறது. ஒட்டிக்கொண்டிருந்தவர் அக்கா.

"என்னக்கா இது? இவ்வளவு பெருசா போட்டிருக்கு, பாக்கவே இல்லீங்களா?"

அவர் ஒட்டிக்கொண்டிருந்த லேபிளை முழுசாக ஒட்டி, ஓரத்தைக் கட்டை விரலால் நீவிவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதுங்களே, மேடம்."

குத்திக்காட்டுகிற குரலாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவர் சொன்னது, கம்பெனி தாளில் இருக்கிற ஒரு விவரத்தைச் சொல்வதுபோலத்தான் இருந்தது. லேபிள்களை நானே ஒவ்வொன்றாக உரித்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து புதிதை ஒட்டினார். அந்த ஒரு மணி நேரத்தில் சொல்லியிருக்கலாம், பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

அவரிடம் சொல்லாமல் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். ஃபைல், போன், ரப்பர் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவைத் திரும்ப டேபிளில் உட்காரவைக்க வேண்டும் என்றும் கேட்டேன். மேனேஜர் பேனாவை மூடிவைத்தார்.

"முடிஞ்சு போனத எதுக்கும்மா கிளர்ற? விட்டுடு. அதுவுமில்லாம பன்னண்டாவது வேணும்னு ரூல் இருக்கே. நீ எழுதிக் குடுத்ததுதான்."

வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. செய்தவற்றில் ரப்பரைவிட, "பாவம் சார்" என்றதைவிட, அந்த நிம்மதிக்காகத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது. சொல்லியும் ஆயிற்று, தண்டனையும் இல்லை என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. சொல்ல வேண்டிய ஆளிடம் இன்னும் சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னதை அந்தப் பன்னிரண்டு பேர் முன்னால் பொய் என்று சொல்லவும் இல்லை. காலையில் பஸ் இறங்கி நடக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று இருக்கும். "வணக்கங்க மேடம்" கேட்டதும் தலையாட்டிவிட்டு என் லைனுக்குப் போய்விடுவேன்.

நேரில் நின்று சொல்லத் துப்பில்லாமல்தான் இதை எழுதுகிறேன். அச்சில் வந்தால் டீ நேரத்தில் பேக்கிங் மேஜைமேல் வைக்கப் போகிறேன், எல்லோரும் இருக்கும்போது. இதில் அக்காவின் பேரை எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை, அவர் எடுத்துப் பார்த்தால் யாரைப் பற்றியது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துகொள்வார். அவருக்கு நன்றாகவே படிக்கத் தெரியும்.