தூணில் கட்டிய கயிறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சாரல் காலம். குற்றாலத்துச் சத்திரத்தில் என் பக்கத்தில் தங்கியிருந்தவர், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய்மரத் தோணி ஓட்டுகிறவர். உப்புக்காற்றில் வெளுத்த புருவம். மத்தியானம் கண்ணயரும்போதுகூட இடுப்பில் ஒரு கயிற்றைச் சுற்றி, மறுமுனையைத் தூணில் கட்டிக்கொள்வார்.

“தரையில எதுக்கு அண்ணாச்சி கயிறு?” என்றேன்.

“தோணியில இப்படிக் கட்டிக்கிட்டுத்தான் படுப்போம் தம்பி. ஒருத்தன் கட்டாமப் படுத்தான். விடிஞ்சு பாத்தா அவன் துண்டு மட்டுந்தான் கிடந்துச்சு.”

“தேடலையா?”

“காத்து நல்லா அடிச்சுது. தோணியத் திருப்பல.”

அருவிப் பக்கம் காது கொடுத்தார்.

“இந்தச் சத்தத்துக்குள்ள அவன் கூப்பிடுதான். உங்களுக்குக் கேக்குதா?”

“இல்லையே.”

“கேட்டா எந்திரிச்சுப் போயிராதிய” என்று இன்னொரு கயிற்றை நீட்டினார்.

சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். ஏன் கட்டிக்கொண்டு படுத்தேன் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.