ஆம்பளைங்க வராத சம்பளம்

போடியில் நான் வேலை பார்க்கும் அலுவலகம் ஒரு வாடகை மாடி. கீழே ஏலக்காய் வியாபாரியின் கிட்டங்கி. மேலே நாங்கள்: வீட்டில் அடிபட்டு வருகிற பெண்களுக்கும், படிப்பை விட்டு நின்ற பிள்ளைகளுக்கும் ஆலோசனை சொல்லி, வேண்டியவர்களைக் காப்பகத்திலோ ஆஸ்பத்திரியிலோ சேர்க்கிற ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு இங்கே சேர்ந்தேன். ஒப்பந்த வேலை. மார்ச் மாதம் நெருங்கினால் திட்டம் நீளுமா நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. என் சொந்த ஊரான தேவாரத்தில் அப்பாவிடம் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், "மகளுக்கு கவர்மென்ட்டு வேலையா?" அப்பா தென்னைமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "அந்த மாதிரித்தான்" என்பார்.

ஒருங்கிணைப்பாளரையும் வேன் ஓட்டுகிற அண்ணனையும் விட்டால் மற்ற எல்லாரும் பெண்கள். ஒருத்திக்குப் புருஷன் செத்துப்போனான். ஒருத்திக்கு இருந்தும் இல்லை. இன்னொருத்தியின் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், தீபாவளிக்கு வருவான். வேலைக்கு எடுக்கும்போது எங்கள் எல்லாரிடமும் தவறாமல் கேட்ட கேள்வி, "வீட்டுக்காரர் என்ன செய்றார்?" ஒரு வீட்டுக்கு வந்துசேரும் இரண்டாவது சம்பளம் என்று நினைத்துப் போட்ட சம்பளம் எங்களுடையது. பாதிப் பேர் வீட்டில் அதுதான் முதல் சம்பளம். சிலர் வீட்டில் அதைத் தவிர வேறு இல்லை.

எங்களில் மூத்தவள் ஒரு அக்கா. அவள் கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை, மகள் மதுரையில் நர்சிங் படித்தாள். ஆலோசனை அறையில் அக்கா உட்கார்ந்தால் எதிரில் இருப்பவள் தானாகப் பேச ஆரம்பித்துவிடுவாள். அக்கா கேள்வியே கேட்கமாட்டாள். "சாப்டியாத்தா?" என்பாள். அவ்வளவுதான்.

போன வருடம் பள்ளிக்கூட வேலைக்காக ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்தான். எங்கள் படிப்புதான் அவனுக்கும், ஆனால் அனுபவம் கிடையாது. அவனைக் கூட்டிக்கொண்டு குரங்கணி வரைக்கும் ஊர் ஊராகப் போய், வீட்டுக்குள் எப்படி நுழைவது, குடித்திருக்கிறவனிடம் எப்படிப் பேசுவது என்று எல்லாம் நான்தான் காட்டினேன். நல்ல பையன். ஒருநாள் டீக்கடையில் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தச் சம்பளத்துல எப்படிக்கா குடும்பம் நடத்துறது? எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். எனக்கு வருவதைவிட அதிகம். அக்காவுக்கு வருவதைவிடவும் அதிகம். டீ கையில் ஆறிப்போனது. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவன் என்ன செய்வான்? ஆனால் அன்றைக்கு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மாடிப்படியில் ஏறினேன், இறங்கினேன். தண்ணீர் குடித்த கையோடு மறுபடியும் தண்ணீர் எடுக்கப் போனேன். சாயங்காலம் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அக்கா சிரித்தாள். "அப்படியா" என்று பையை மாட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

அந்த வாரமே ஒரு போன் வந்தது. போடிமெட்டுக்கு மேலே, கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டத்தில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் இருக்கும் ஒரு பெண். கைக்குழந்தைக்காரி. முன்பு ஒரு தடவை உதட்டில் ரத்தம் கட்டிப்போய் எங்களிடம் வந்தவள், அக்காவிடம் மட்டும் பேசினாள், புருஷனிடமே திரும்பிப் போனாள். இப்போது குரல் கீழே கீழே போனது.

"அந்த அக்கா இருக்காங்களா?"

"இல்லம்மா, என்கிட்டச் சொல்லு."

"அவுக இருந்தா சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது.

அக்காவைத் தேடி அவள் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், "உள்ள அந்த மனுசன் மட்டுந்தான் இருக்காரு. அவ காலையிலயே ஜீப்புக்குப் போயிட்டு இருட்டுனப்பறம்தான் வர்றா."

எனக்குப் புரியவே நேரம் எடுத்தது. மலைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகிற ஜீப்பைத்தான் அவள் சொல்கிறாள்.

மறுநாள் விடியும் முன்பே ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் போனேன். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி என்று நின்ற கூட்டத்தில் அக்காவை நான் அடையாளம் காணவில்லை. அவள்தான் என்னைக் கூப்பிட்டாள்.

"என்னடி இங்க?"

அந்தப் பெண்ணின் போனைப் பற்றிச் சொன்னேன். ஜீப்பு உறுமிக்கொண்டிருந்தது.

"ஏறு. நான் சோலிக்குப் போற தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டந்தான் அது. வெரசா ஏறு, எடம் போயிரும்."

மலையடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கின. நெருக்கியடித்து உட்கார்ந்ததில் என் முழங்கால் யாருடைய மடியிலோ இருந்தது. எதிரில் இருந்த பெண் என் அலுவலகப் பையைப் பார்த்துக் கேட்டாள், "மாசம் எம்புட்டுத்தா குடுக்குறாக?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன்.

"நான் மாசம் பூராவும் மலையேறுனா அதவிடக் கூட வரும்" என்றாள் அவள். கேலி இல்லை, வருத்தமாகவே சொன்னாள். "இம்புட்டுப் படிச்சுமா?"

இன்னொருத்தி, "நெழல்ல உக்காந்து பாக்குற வேலைல்ல, அதான்" என்றாள். அதற்கு மேல் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. ஒருத்தி மருமகன் தொல்லையை அக்காவிடம் சொல்ல ஆரம்பித்தாள். அவள் முடிக்கும் முன்பே இன்னொருத்தி, மகள் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள், என்ன செய்ய என்றாள். அக்கா துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே ஒவ்வொருத்திக்கும் பதில் சொன்னாள். அலுவலகத்தில் எந்தக் குரலோ அதே குரல். மெட்டு ஏறி மூடுபனிக்குள் நுழைந்தபோதும் பேச்சு நிற்கவில்லை.

சாயங்காலம்தான் ஜீப்பு திரும்பும். தோட்டத்தில் சும்மா நிற்க முடியாமல் நானும் காய் எடுக்கக் குனிந்தேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்கிறதில்லை, தூரிலிருந்து தரையோடு படர்கிற சரத்தில் காய்க்கிறது. குந்தியபடியே நகர வேண்டும். கொஞ்ச நேரத்தில் இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. காலில் அட்டை ஏறியது. முந்தின நாள் அடித்த மருந்து வாடையில் தொண்டை எரிந்தது. பிஞ்சையும் சேர்த்துப் பறித்ததைப் பார்த்த கங்காணி, "மதி சேச்சி, மதி", போதும் என்று மலையாளத்தில் சொல்லி என்னை ஓரமாக உட்காரவைத்துவிட்டார்.

அக்கா பக்கத்தில் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன், "கோவத்துல வந்துட்டியாக்கா?"

"கோவம் என்ன கோவம். போன வருசமே நம்ம சார்கிட்டக் கேட்டேன், சம்பளத்தக் கூட்டிக் குடுங்கன்னு. 'இது சேவைம்மா'ன்னாரு. சரின்னு இருந்தேன். சேவைன்னா பால்காரன் வீட்டுல பால ஊத்திட்டுச் சும்மா போவானா? எம் மகளுக்கு காலேஜுல சும்மா சொல்லிக் குடுப்பாகளா? அந்தத் தம்பிக்கும் சேவைன்னு சொல்லியிருந்தா நான் பேசாமத்தான் இருந்திருப்பேன்." சரத்தைக் கையால் விலக்கினாள். "இங்க யாரும் சேவைன்னு சொல்றதில்ல. இடுப்பு வலிக்குது, கூலி குடுக்குறான்."

மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தாள். "வா, அவளப் பாத்துட்டு வந்துருவோம்."

தோட்டத்துக்குள்ளேயே போன ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஏறினால் லயன் வீடுகள். அந்தப் பெண் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சட்டையும் துண்டுமாக வந்த அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

"நீங்களும் காயெடுக்கவாக்கா வந்தீக?"

"ஆமாத்தா. சாப்டியா?"

அவள் அழுதாள். புருஷன் பூப்பாறைக்குப் போயிருக்கிறான், பொழுது சாயும் முன்பு வந்துவிடுவான் என்றாள். போன தடவை ஏன் திரும்பிப் போனாள் என்று அக்கா கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் விலாவில் அடிபட்ட தடிப்பு ஒன்று. அதை அக்காவும் பார்த்தாள், நானும் பார்த்தேன், நாங்கள் பார்த்ததை அவளும் பார்த்தாள். அலசின ஈரத்துணியை அப்படியே ஒரு பைக்குள் திணித்தாள்.

"இன்னைக்கே வர்றேன்க்கா."

சாயங்காலம் அவளையும் பிள்ளையையும் ஏற்றச் சொன்னபோது ஜீப்புக்கார அண்ணன் முதலில் மறுத்தார். "லோடு கூட ஆத்தா. நாளைக்கு அவன் அருவாளத் தூக்கிட்டு என்னயத்தான் தேடுவான்." கீழே இறங்கி நின்ற பெண்கள் யாரும் ஏறவில்லை. "அவ ஏறுனாத்தான் நாங்க ஏறுவோம்" என்றாள் காலையில் என் சம்பளத்தைக் கேட்டவள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். மலை இறங்கும்வரை பின்னால் வந்த ஒவ்வொரு வண்டி வெளிச்சத்துக்கும் அவள் குனிந்துகொண்டாள். முந்தலுக்கு எங்கள் வேனை வரச் சொல்லியிருந்தேன். அன்றைக்கே தேனியில் காப்பகத்தில் சேர்த்தோம்.

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் என்னை எல்லார் முன்னாலும் பாராட்டினார். நான் எழுந்தேன்.

"சார், கூட்டிட்டு வந்தது அக்கா. அவங்க இப்ப இங்க வேலையில இல்ல. ஏன் இல்லன்னு உங்களுக்குத் தெரியும். இந்தத் தம்பிக்கு எங்களவிட ஏன் அதிகம்?"

தம்பியின் முகம் செத்துப்போனது. அவனுக்கு அதுவரை தெரியாது. ஒருங்கிணைப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார், "நெசத்தச் சொல்றேன்மா. இந்தச் சம்பளத்துக்கு ஆம்பளைங்க வரமாட்டேங்கிறாங்க. நீங்க வர்றீங்க."

அது உண்மைதான். முதலில் பேசியது புருஷன் செத்துப்போனவள். "அப்ப நாங்களும் வரல சார்" என்று பையை எடுத்தாள். அடுத்தவள் எழுந்தாள். நாங்கள் எல்லாரும் கீழே இறங்கித் தெருவில் நின்றோம். எங்கே போவது என்று தெரியவில்லை. வெயில் ஏறியது. தம்பியும் வந்து எங்களோடு நின்றான், அவனை யாரும் கூப்பிடவில்லை. மாலையில் ஒருங்கிணைப்பாளரே இறங்கி வந்து, மேலிடத்தில் பேசுகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

புதுத் திட்டத்தில் எங்கள் சம்பளம் ஏறியது. தம்பியின் சம்பளம் வரைக்கும் ஏறவில்லை, பக்கத்தில் வந்தது. அவனுக்கு ஏற்றமே இல்லை. சில மாதத்தில் அவன் கடன் வசூலிக்கிற ஒரு கம்பெனிக்கு மதுரை போய்விட்டான், பைக்கும் பெட்ரோலும் தருகிறார்களாம். அவன் இடத்துக்கு ஒரு பெண்ணை எடுத்தார்கள். அக்காவைத் திரும்பக் கூப்பிட்டபோது, "எல்லாருக்கும் ஒரே சம்பளமாக்குங்க, அப்பறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டாள். காய் எடுக்கிற காலம் முடியும்வரை மலைக்குப் போனாள். இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு பேசுகிற வேலை. எங்களிடம் செய்த அதே வேலைதான், சம்பளம் மட்டும் அங்கே கொஞ்சம் அதிகம்.

நான் எங்கேயும் போகவில்லை. ஏன் என்று அம்மாவும் கேட்கிறாள். அரசுத் தேர்வுக்குப் புத்தகம் வாங்கினேன், பாதி படித்தேன். காலையில் இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று எழுந்திருக்கிறேன், யாராவது படியேறி வரும் சத்தம் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போடுகிறேன்.

தேனியில் சேர்த்த அந்தப் பெண் இப்போது ஒரு தையல் கடையில் இருக்கிறாள். பிள்ளை நடக்கிறது. போன மாதம் போன் செய்து கேட்டாள், "அக்கா, உங்க வேலைக்கு வரணும்னா என்ன படிக்கணும்?"

பன்னிரண்டாவதை முடித்துவிட்டு மேலே படிக்க வேண்டும் என்றேன். கடைசியில் என்ன சம்பளம் வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அதனால என்னக்கா, பரவாயில்ல."

"பரவாயில்லன்னு சொல்லாதத்தா" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "சரிக்கா" என்றாள் பயந்துபோய். பிறகு பன்னிரண்டாவதைத் தனித்தேர்வராக எழுத எப்போது பணம் கட்ட வேண்டும் என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.