நீளப் பெயருக்கு விட்ட இடம்

இரு ஓரங்களிலும் வரிசையாகத் துளையிட்ட அகலத் தாள் ஒன்றை என் பாசுரப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். மை மங்கிவிட்டது, ஆயினும் அதிலுள்ள நட்சத்திரக் குறிகள் தூண்களைப் போல நேராக நிற்கின்றன. அதை விரிக்கும்போதெல்லாம் எங்கள் மெஷின் பாயின் சிரிப்பு காதில் விழுகிறது.

எண்பதுகளின் இறுதியில், பழவேற்காட்டில் நான் எழுத்தராக இருந்த மீனவர் சங்கத்துக்கு ஒரு கணிப்பொறி வந்தது. அதை இயக்க வந்தவர் அவ்வூரின் பழைய வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். எல்லாருக்கும் அவர் மெஷின் பாய். கறுப்புத் திரையில் தாமே எழுதிவைத்த கட்டளையை அவர் தட்டினால், அச்சுப்பொறி கிறீச்சிட்டபடி அட்டவணையை வெளியே தள்ளும். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்னும் முறைக்குப் பாடு என்று பெயர். அட்டவணையின் ஆங்கிலத் தலைப்புகளுக்கு மேலே முகத்துவாரம், நடு ஏரி, வடகரை என்று நான் தமிழில் எழுதுவேன். ஒருவரின் பெயருக்கு நேரே வரும் நட்சத்திரம் எந்தத் தலைப்பின்கீழ் விழுகிறதோ, அதுவே அவர் பாடு. தாளில் உள்ளபடிதான் படகு இறங்கும் என்பது அனைவரும் ஒப்பிய விதி.

குப்பத்து அண்ணன் ஒருவருக்கு, தவமிருந்து பெற்ற தந்தை பெருமாளின் ஐந்து திருநாமங்களைக் கோத்துப் பெயரிட்டிருந்தார். அந்த நீளம் தனக்குரிய கட்டத்தைத் தாண்டி, நட்சத்திரத்தையும் வலப்பக்கம் தள்ளிவிட்டது. இறால் ஏறும் பருவத்தில் முகத்துவாரப் பாட்டுக்காக ஓராண்டு காத்திருந்தவர், தாளில் நடு ஏரிக்குத் தள்ளப்பட்டிருந்தார். முகத்துவாரத்தின்கீழ் எவருமில்லை.

“இன்னா மாமா, உன் பேரு ஸ்டாரத் தள்ளிகினு பூட்ச்சா? மொகத்துவாரம் காலியா கீது. நான் எறங்கிக்கிறேன்” என்றான் அவருடைய மச்சினன்.

“வாய மூட்றா. நைனா வச்ச பேரு அது!”

அண்ணன் தாளோடு சங்கத்துக்கு ஓடிவந்தார். நீர் ஏறுமுன் வலை கட்டியாக வேண்டும். மெஷின் பாய் பார்த்தவுடன் புரிந்துகொண்டார். “இருபது எழுத்தோட பேர வெட்டிட்டா சரியாப்பூடும்ணே. ஒரு நிமிச வேல.”

“அஞ்சுல எந்தப் பெருமாள வெட்டுவே பாய்?”

பாய் கைகளைத் தூக்கிவிட்டார். “யா அல்லா! எனக்கு எதுக்கு அந்த வம்பு? மத்தவங்க தள்ளி நிக்கட்டும். இன்னா சாமி?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கட்டளையை அவர் மாற்றினார். பெயர்களுள் மிக நீளமானது எது என்று இயந்திரம் முதலில் தேடும். அதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவையும் எல்லாருக்கும் ஒதுக்கும். குறும்பெயர்களின் பின்னே வெற்றிடத்தை இட்டு நிரப்பும். தலைப்புகளும் அதற்கேற்ப வலப்பக்கம் நகரும். திருநாமத்தைக் குறைக்காமல் அடியை விரித்துக்கொள்ளும் பாசுரத்தைப் போல இருந்தது எனக்கு. புதிய தாள் வந்தது. அண்ணனின் நட்சத்திரம் முகத்துவாரத்தின்கீழ் அடக்கமாக அமர்ந்திருந்தது.

கரையில் அதைப் பார்த்த மச்சினன், “சரி மாமா, சீக்கிரம் எறங்கு. உன் பேர முழுசா சொல்லி முடிக்கறதுக்குள்ள எறா திரும்பிப் பூடும்” என்றான். கரை முழுவதும் சிரித்தது; அண்ணனும் சிரித்துக்கொண்டேதான் படகைத் தள்ளினார். அன்று மாலை பாய் வீட்டுக்கு ஒரு கூடை இறால் போயிற்று.

இப்போது என் கைப்பேசியில் வரும் பட்டியல்களில், இடம் போதாத பெயர்கள் மூன்று புள்ளிகளாய் முடிந்துவிடுகின்றன. அப்போதெல்லாம் பாசுரப் புத்தகத்தைத் திறந்து அந்தத் தாளை விரிக்கிறேன். ஐந்து திருநாமங்களும் ஓரெழுத்துக் குறையாமல் நிற்கின்றன. அடுத்த வரியில் மச்சினனின் சின்னஞ்சிறு பெயர். அதன் பின்னே நீண்ட வெண்மை; அதற்கப்பால்தான் அவன் நட்சத்திரம். மாமனுக்காக அவன் இன்னும் தள்ளித்தான் நிற்கிறான்.